ஹியூ அண்ணை வீட்டுக்குப் போய்ச் சொன்னது

தம்பி,

நீ தொலைபேசியை எடுக்கிறாய் இல்லை, அதனால் எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினால் போதாதா என்று அப்பா கேட்டார். குரலை நீ பாதியில் நிறுத்திவிடுவாய். ஜேர்மனில் எழுதினால் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு எறிந்துவிடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், ஒரு பக்கம் முடிக்கவே நேரம் எடுக்கும், அதற்குள் கோபம் கொஞ்சம் ஆறும் என்று கணக்குப் போட்டுத்தான் தமிழில் எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை தேடிக்கொண்டு போகாதே. இதில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. ஹியூ அண்ணை வீட்டுக்கு நாங்கள் போனது சரி. திரும்பவும் அப்படி ஒரு நாள் வந்தால் திரும்பவும் போவேன். நீ றக்பிக் கழகத்து ஆட்களிடம் கேள்விப்பட்டது அரைவாசிக் கதை. முழுவதையும் எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

போன மாதம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த பருவத்திலிருந்து முதல் அணிக்கு நீதான் தலைமைப் பயிற்சியாளர் என்று சொன்னாய். "இப்ப ஆருக்கும் சொல்லாதேங்கோ அம்மா" என்றாய். ஓம் என்றேன். சொன்ன சொல்லையும் காப்பாற்றினேன். லண்டனில் இருக்கிற என் தங்கச்சிக்கே சொல்லவில்லை, அது எனக்கு எவ்வளவு பெரிய பாடு என்று உனக்குத் தெரியும். நாவூறு படாமல் காரியம் முடியட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஆனால் ஹியூ அண்ணைக்குச் சொல்லக் கூடாது என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது அந்த இடத்தில் இருக்கிற பயிற்சியாளர் அவர், அவர்தான் உன்னைக் கையில் பிடித்து அதில் வைத்திருப்பார், பிறகு அவருக்கு எதை மறைப்பது என்று நினைத்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு நல்ல காரியம் என்றால், அதற்குக் காரணமானவர் வீட்டுக்கு நேரே போய், தட்டைக் கையில் கொடுத்து, வாயால் சொல்ல வேண்டும். கல்யாணக் கார்ட்டைத் தபாலில் அனுப்பினால் "தபாலிலை அனுப்பினவை" என்று பத்து வருடம் கதைப்பார்கள். நானே கதைத்திருக்கிறேன். அப்படி இருக்க, என் பிள்ளைக்கு இவ்வளவு செய்த மனிதர் வீட்டுக்குப் போகாமல் இருப்பேனா?

ஞாயிறு பின்நேரம் போனோம். டெர்மின் எடுக்கவில்லை, முன்கூட்டி நேரம் கேட்கவில்லை. இந்த நாட்டில் பல்லுப் பிடுங்கவும் டெர்மின், பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கவும் டெர்மின், ஆனால் நல்ல செய்தி சொல்ல டெர்மின் எடுத்துப் போகிற பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. தட்டில் வாழைப்பழமும் அப்பிளும் வைத்தேன், அவருக்குப் பிடித்த பயற்றம் பணியாரம் சுட்டேன். வெற்றிலை தமிழ்க் கடையில் வாடிப்போய்க் கிடந்தது, அதை விட்டுவிட்டேன். அப்பா, சொல்ல வேண்டிய வசனத்தை இரண்டு நாளாகக் குளியலறைக்குள் நின்று பாடமாக்கினார். ஹியூ அண்ணை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கையில் அரைவாசி தோல் சீவின உருளைக்கிழங்கோடு வந்து கதவைத் திறந்தார். "வாங்கோ, வாங்கோ" என்றார், எங்கள் வீட்டில் பழகின தமிழில். அப்பா சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை, வசனம் மறந்துவிடும் என்ற பயத்தில் வாசலிலேயே தொடங்கிவிட்டார். ஜேர்மனில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். "எங்கடை மகனை உங்கடை இடத்திலை வைக்கிறதுக்கு நன்றி சொல்ல வந்தனாங்கள். நீங்கள் இல்லாட்டி அவனுக்கு இந்த நிலை இல்லை."

"என்ரை இடத்திலையோ?" என்று ஹியூ அண்ணை கேட்டார். தன்னுடைய ஜேர்மன் பிழைத்துவிட்டது என்று அப்பா நினைத்துக்கொண்டார். அதனால் அதே வசனத்தை இன்னும் மெதுவாக, இன்னும் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னார். எனக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த உடனே, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று விளங்கிவிட்டது. நான் அப்பாவின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுக்கிறேன், அவர் விடுகிறார் இல்லை, கடைசிச் சொல்வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். தம்பி, அந்த வாசலில் நான் நின்ற நிலையை ஒரு எதிரிக்கும் நான் விரும்பமாட்டேன். ஹியூ அண்ணை உருளைக்கிழங்கை ஏப்ரன் பைக்குள் போட்டார். கையை அதிலேயே துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றார். போய், சமைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் தன் கதையைச் சொன்னார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் தன்னைப் பற்றி அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். உனக்கும் முழுவதும் தெரியாது என்று நினைக்கிறேன், தெரிந்திருந்தால் இப்படி நடந்திருக்க மாட்டாய். அவருடைய ஊர் வேல்ஸில் ஒரு பள்ளத்தாக்கு. நிலக்கரிச் சுரங்கத்தை மூடின பிறகு அங்கே மிஞ்சியது மழையும் றக்பி மைதானமும்தான் என்றார். கிழமை நாட்களில் கூரை வேய்கிற வேலை, சனிக்கிழமை விளையாட்டு. ஸ்க்ரம் என்று இரண்டு பக்கமும் தலையைக் கொடுத்துத் தள்ளுவீர்களே, அதில் முன்வரிசையின் நடு ஆள் அவர். இரண்டு கையும் பக்கத்து ஆட்களின் தோளில் இருக்கும், விழுந்தால் ஊன்றக் கை இல்லை. ஒரே ஒரு முறை நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்களாம். சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டம் முடியும் வரைக்கும் மாற்று ஆட்களின் வாங்கில் இருந்துவிட்டு, ஒரு முறையும் உள்ளே இறங்காமல் வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்தச் சட்டை அலுமாரிக்குள் இருக்கிறது. ஏன் சுவரில் மாட்டவில்லை என்று அப்பா கேட்டதற்கு, "விளையாடாத சட்டை அது" என்றார்.

தோள் பழுதாகி விளையாட ஏலாமல் போன பிறகு சொந்த ஊர் அணிக்கே பயிற்சியாளர் ஆனார். முதல் வருடம் கிண்ணம் வென்றார்கள், ஊரே தோளில் தூக்கியது. அடுத்த வருடம் தோற்கத் தொடங்கினார்கள். ஒரு காலை மைதானத்துக்குப் போகிறார், புல்லு வெட்டுகிற ஆள் மெஷினை நிறுத்திவிட்டு, "நீங்கள் போகப் போறியளாமே, கேள்விப்பட்டன்" என்கிறான். அப்படித்தான் அவருக்குத் தெரியும். பிறகு இங்கிலாந்தில் ஒரு கழகம். அங்கே முடிவெட்டுகிற கடையில் இருந்துகொண்டு பேப்பரைப் பிரிக்கிறார், தன்னுடைய படமும் கீழே தன் இடத்துக்கு வருகிற வேறு ஒருவருடைய பெயரும் இருக்கிறது. அரைவாசி வெட்டின தலையோடு எழும்பிப் போனாராம். ஒரு பருவத்துக்கு என்று ஜேர்மனிக்கு வந்தார், உன்னையும் உன் கூட்டாளிகளையும் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தார். "மற்றவை ஒருத்தரும் வீட்டை வரேல்லை. வீட்டை வந்து, என்ரை முகத்தைப் பார்த்துச் சொன்னது நீங்கள்தான்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் மிச்சப் பணியாரத்தைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவனுக்கு எப்ப தெரியும்?" தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். போன மாதத்திலிருந்து தெரியும் என்று சொன்னேன். பொய் சொல்லி உன்னைக் காப்பாற்றுகிற வயது உனக்குப் போய்விட்டது.

திரும்பி வரும்போது எனக்கு, அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்த நாள்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. உன் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டுக் காட்ட வந்தவர், உன்னைக் கண்டுவிட்டு, தாய் தகப்பனிடம் கேட்க வேண்டும் என்று நேரே வந்தார். அன்றைக்கு நாங்கள் நண்டும் மீனும் மிளகாயும் போட்டுக் கூழ் காய்ச்சியிருந்தோம். இருக்கச் சொல்லி ஒரு கோப்பை கொடுத்தேன். உறைப்பில் மூக்கு, காது, நெற்றி எல்லாம் சிவந்தது, ஆனாலும் கோப்பையை வைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் பயிற்சி என்றார். "அது ஏலாது, சனிக்கிழமை அவனுக்குத் தமிழ் வகுப்பு" என்று நான் சொன்னேன். எந்த ஜேர்மன் வாத்தியாரும் அதற்கு ஒரு முகம் காட்டுவார், உனக்கும் தெரியும். இவர் காட்டவில்லை. "அவன்ரை பாஷை எண்டால் விடக் கூடாது. என்ரை வெல்ஷ் பாஷையை என்ரை தாய் தகப்பன் எனக்குத் தரேல்லை" என்றார். மற்றப் பிள்ளைகளின் பெற்றோரோடு எல்லாம் கதைத்து, பயிற்சியைப் பின்நேரத்துக்கு மாற்றினார். நீ இப்போது இந்தக் கடிதத்தை எழுத்துக் கூட்டியாவது வாசிக்கிறாய் என்றால் அதில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

உனக்குக் கழுத்தில் அடிபட்ட வருடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு டாக்டர் விளையாடலாம் என்றார், மற்றவர் வேண்டாம் என்றார், நீ விளையாடலாம் என்றவரையே பிடித்துக்கொண்டு நின்றாய். கழகத்துக்கும் நீ வேண்டும், மேல் பிரிவுக்கு ஏறுகிற நேரம். ஹியூ அண்ணை எங்கள் சோபாவில் இருந்துகொண்டு உன் முகத்துக்கு நேரே சொன்னார். "நான் இருக்கிற வரைக்கும் நீ உள்ளுக்கு இறங்க மாட்டாய்." நீ கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாய். அந்தக் கதவின் பிணைச்சல் இன்றைக்கும் சரியில்லை. அந்த வருடம் அவர்கள் மேலே ஏறவில்லை, அவருக்குக் கிடைத்த பேச்சு கொஞ்சமா? பிறகு திரும்ப அவரே வந்தார், கையில் ஒரு விசில். சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்க ஆள் இல்லை என்றார். ஆள் இருந்தது, எனக்குத் தெரியும். அப்படித்தான் நீ பயிற்சியாளன் ஆனாய். நல்ல பயிற்சியாளன். பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. உன்னிடம் பழகுகிற பிள்ளைகள் நான் ஓட்டுகிற பஸ்ஸில்தான் போய் வருகிறார்கள், ஓட்டுகிறவளுக்குத் தமிழ் முகம் என்றாலும் ஜேர்மன் காது என்பது அவர்களுக்குத் தெரியாது. நீ ஒருவனையும் கத்திப் பேசுவதில்லை என்றும், பயந்தவனை முதலில் கண்டுபிடித்துவிடுகிறாய் என்றும் கதைக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சிவப்பு விளக்கில் நிற்கும்போது எனக்கு இருக்கிற பெருமையைச் சொல்லி முடியாது.

ஆகவே வேலையை விடு என்று நான் எழுதவில்லை. அதை நன்றாக விளங்கிக்கொள். அந்த இடம் உனக்குரியது, அவருக்கும் வயது போகிறது, என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் வரத்தான் வேண்டும், அது நீயாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தொலைபேசியை எடுக்காமல் விடுவதற்கு முதல் நீ என்னோடு சண்டை பிடித்தது வேறு விஷயத்துக்கு. "அம்மா, ஏன் என்னட்டைக் கேக்காமல் போனனீங்கள்? கடைசி ஆட்டம் முடியும் வரைக்கும் அவருக்குச் சொல்லக் கூடாது எண்டு கழகத்துக் குழு சொன்னது. நீங்கள் என்ரை வேலையைக் கெடுத்துப் போட்டியள்" என்றாய். குழு சொன்னது என்றாய். உன்னோடு ஒரு மாதம் ஒரே வான் வண்டியில் முன் சீட்டில் இருந்து வெளியூர் ஆட்டங்களுக்குப் போன மனிதரிடம், குழு சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாய். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. குழுவில் இருக்கிறவர்கள் நல்லவர்களோ கெட்டவர்களோ, அவர்கள் அவரோடு இருந்து கூழ் குடித்தவர்களும் இல்லை, அவருக்குக் கூழ் கொடுத்தவர்களும் இல்லை. நீ அப்படியா?

உனக்கு ஒன்று தெரியுமா என்று தெரியவில்லை. வியாழக்கிழமைகளில் ஹியூ அண்ணை என் பஸ்ஸில் ஏறினால், சனிக்கிழமை யாரோ ஒருவனுக்கு அணியில் இடமில்லை என்று அர்த்தம். அணியில் யார் யார் என்று எல்லோருடைய போனுக்கும் போவது வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாள், வெளியே விடப் போகிறவனின் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ அவர் நேரே போய்ச் சொல்லிவிடுவார். சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கத்தில், சாமான் இறக்குகிற இடத்தில், ஒரு பெடியனோடு நின்று கதைப்பதை நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்திருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான், இவர் கையை அவன் தோளில் வைக்க மாட்டார், சும்மா பக்கத்தில் நிற்பார், அவன் நிமிரும் வரைக்கும் போக மாட்டார். மழைக்குள்ளும் போவார், பனிக்குள்ளும் போவார். ஏன் போனில் சொல்ல ஏலாதோ என்று ஒருநாள் கேட்டேன். "போனிலை சொன்னால் எனக்குச் சுகம், அவனுக்கில்லை" என்றார். இவ்வளவு பேருக்குப் போய்ச் சொன்ன மனிதரை வெளியே விடும்போது, ஒருவரும் அவரிடம் போகவில்லை. தற்செயலாக நாங்கள் போனோம். அதையும் பிழை என்கிறாய்.

இன்று வியாழக்கிழமை. கடைசி ஆட்டத்துக்கு யாரோ ஒருவனை வெளியே விடுகிறார் போல, பின்நேரம் என் பஸ்ஸில் ஏறினார். கடைசித் தரிப்பில் எனக்குப் பத்து நிமிட ஓய்வு, அவரும் இறங்காமல் இருந்தார். பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னார். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று குழுவுக்குக் கோபமாம், உனக்குத் தருவதாகச் சொன்னதைத் திரும்ப எடுத்து, வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவோமா என்று யோசித்தார்களாம். இவர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். "வேலை அவன்ரை. அவனை வெளியிலை விட்டால் சனிக்கிழமை அணியோடை நான் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். திங்கட்கிழமை நீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவாய் என்றால், அந்தக் கதிரையை உனக்காகப் பிடித்து வைத்தது அவர். இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் ஓம் என்று சொல்லவில்லை.

அவர் தேவதூதர் இல்லை, தம்பி, அப்படி நினைத்துக்கொண்டு போய் நிற்காதே. "அப்ப உங்களுக்கு அவனிலை கோபம் இல்லையோ அண்ணை?" என்று கேட்டேன். அண்ணை என்று சொன்னால் அவருக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வரும், இன்று வரவில்லை. "கோபம் இருக்கு. ஒரு மாசம் பக்கத்திலை இருந்து, என்ரை தோட்டத்துத் தக்காளியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தவன். நான் அவனட்டைப் போக மாட்டன். வந்தால் கதவு திறப்பன்" என்றார். மூடியைக் குடித்து முடித்துத் துடைத்துத் தந்தார். முகம் நல்லாக இல்லை. நான் இத்தனை வருடம் பார்த்த மனிதர் இன்று வயதானவராக இருந்தார், எனக்கு அழுகை வந்துவிட்டது, கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

உனக்கு வெட்கம் என்று எனக்குத் தெரியும். கோபம் என்று நீ சொல்கிறாய், ஆனால் நான் உன்னைப் பெற்றவள். வெட்கம் இருந்தால் நல்லது, வெட்கத்தோடே போ. விளக்கம் ஒன்றும் பாடமாக்கிக்கொண்டு போகாதே, அப்பாவின் கதியைப் பார்த்தாய்தானே. தட்டும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம், என்னையும் கூட்டிக்கொண்டு போகாதே. "எனக்குத் தெரிந்தபோது நான் வந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை" என்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல். அவர் கத்தினால் கேட்டுக்கொண்டு நில். பேசாமல் இருந்தால் அது இன்னும் கஷ்டம், அதற்கும் நில். திங்கட்கிழமைக்குப் பிறகு போனால் அது வேறு கதை, பதவி எடுத்தவன் பதவி போனவனைப் பார்க்கப் போனதாகிவிடும். சனிக்கிழமை மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் கட்டிப் பிடித்துவிட்டுத் தப்பலாம் என்றும் நினைக்காதே. வெள்ளிக்கிழமைதான் நாள், நீ இதை வாசிக்கிற அன்றைக்கே.

காரில் போகாதே. காரில் போனால் அவர் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நிறுத்த இடம் இல்லை என்று திரும்பி வந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். விடிய வேலைக்குப் போகிற வழியில் இதை உன் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். பின்நேரம் அந்தப் பாதையில் ஓட்டுவது நான்தான். நாலேகாலுக்கு உன் தெரு முனையில் நிற்பேன். ஏறு, டிக்கெட்டைக் காட்டு, பின்னால் போய் இரு. ஓட்டுநரோடு கதைக்க வேண்டாம் என்று முன்னுக்கு எழுதி ஒட்டியிருக்கிறது, ஆகவே நீ என்னோடு ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை, நானும் திரும்பிப் பார்க்க மாட்டேன். அவர் வீட்டுத் தரிப்பில் நீ மணியை அழுத்தாவிட்டாலும் நிற்பாட்டுவேன். கதவைத் திறப்பேன். நீ இறங்கும் வரைக்கும் அதை மூட மாட்டேன். பஸ் பிந்தினால் பிந்தட்டும்.

அம்மா